ஒரே படிவத்தில் நாமும் அவர்களும்

கனடாவில் மத்திய அரசின் தொழிற்சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் ஒன்றில், அதாவது ஒரு வங்கியிலோ தொலைத்தொடர்பு நிறுவனத்திலோ விமான சேவையிலோ வேலைக்குச் சேரும் எவருக்கும் ஆரம்ப நாட்களிலேயே ஒரு படிவம் வந்து சேரும். நீங்கள் பெண்ணா, பூர்வகுடியைச் சேர்ந்தவரா, மாற்றுத்திறனாளியா, கண்ணுக்குத் தெரியும் சிறுபான்மையினரா, அதாவது வெள்ளையரோ பூர்வகுடியினரோ அல்லாதவரா, என்று நான்கு கேள்விகள். விரும்பினால் பதில் சொல்லலாம்; விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். நம்மவர்கள், அதாவது கனடாத் தமிழர்கள், பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில் ஒரு சரி அடையாளத்தைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். பெண்களானால் இரண்டு கட்டங்கள். மனிதவளப் பிரிவில் இருந்துகொண்டு இந்தப் படிவங்களைப் பார்த்துப் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன், பூர்வகுடியினருக்கான கட்டம் மாதக்கணக்கில் வெறுமையாகவே கிடக்கும்.

இந்தப் படிவத்தின் தர்க்கமே அலுவலகக் குழுக்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. பன்முகத்தன்மை, உள்வாங்கல், பூர்வகுடியினருடனான நல்லிணக்கம் ஆகிய மூன்றையும் ஒரே குழுவின் பெயரில் சேர்த்து எழுதி, ஒரே வரவுசெலவுக் கணக்கில் அடக்கி, தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் பூர்வகுடியினருக்கான நினைவு நாளாகிய செப்டெம்பர் 30க்கும் ஒரே நாட்காட்டியில் இடம் ஒதுக்கிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அத்தகைய குழுக்களில் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகப் படுவது, இந்தச் சேர்க்கையால் பயன் பெற்றவர்கள் நாம், இழந்தவர்கள் பூர்வகுடியினராகிய அவர்கள் என்பதுதான். குடியேறி வந்தவர்கள் வேலைத்தலத்தில் தமக்கும் இடம் கேட்பது ஒரு வழக்கு. இந்த நிலத்தைப் பற்றி அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, அந்த ஒப்பந்தத்தால் ஏமாற்றப்பட்ட மக்களின் வழக்கு முற்றிலும் வேறு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால், எண்ணிக்கையில் கூடியவர்களின் வழக்கே பேசப்படும். அந்த மேசையில் எண்ணிக்கையில் கூடியவர்கள் இன்று வெள்ளையர்கள் அல்லர் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம்.

அந்தப் படிவத்துக்குப் பின்னாலுள்ள சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மனியின் இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில் 1946இல் பிறந்து, குழந்தையாகக் கனடாவுக்கு வந்து, பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த ரோசலி அபெல்லா, 1984இல் தனிநபர் ஆணைக்குழுவாக இருந்து அளித்த அறிக்கையே இதற்கு மூலம். அதன் வழியில் 1986இல் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் வந்தது. அதே 1986இன் ஆகஸ்டில்தான், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்துக்கொண்டிருந்த 155 தமிழ் அகதிகளை அங்குள்ள மீனவர்கள் கரைசேர்த்தார்கள். நமக்கான கதவு திறந்த ஆண்டும் நாம் வந்து சேர்ந்த ஆண்டும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால், அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் அந்தக் கதவு நமக்கு எவ்வளவு அகலமாகத் திறந்தது என்பது தற்செயல் அல்ல. வங்கித்துறையை எடுத்துக்கொண்டால், கண்ணுக்குத் தெரியும் சிறுபான்மையினரின் பங்கு, தொழிற்சந்தையில் அவர்கள் இருக்கும் விகிதத்தைத் தாண்டிவிட்டதை அரசின் ஆண்டறிக்கைகளே காட்டுகின்றன. அதே அறிக்கைகளில், 2021 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் 5 விழுக்காடாக, 18 இலட்சம் பேராக இருக்கும் பூர்வகுடியினர் பின்தங்கியே நிற்கிறார்கள். 2023 டிசெம்பரில் வெளிவந்த, இச்சட்டத்தின் மறுஆய்வு அறிக்கை, கறுப்பினத்தவரையும் பால்புதுமையினரையும் தனிக் குழுக்களாகச் சேர்க்கவேண்டும் என்றது. கட்டங்கள் இனியும் கூடும்; வெறுமையான கட்டம் அதனால் நிரம்பிவிடப் போவதில்லை.

இதைப் பேச்சில் எடுத்தால், நம்மவர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவின் எந்தப் பிறந்தநாள் விழாவிலும் ஒரு பதில் தயாராக இருக்கும். "அவைக்கு அரசாங்கம் சும்மா காசு குடுக்குது, வரியும் இல்லை, பிறகேன் வேலைக்கு வருகினம்?" வட்டிலப்பத்தைச் சுவைத்துக்கொண்டே சொல்லப்படும் இந்த வாக்கியம், நாம் இந்த நாட்டில் இலவசமாகப் பெற்றுக்கொண்ட முதல் சொத்துகளில் ஒன்று. உண்மை என்னவென்றால், வரிவிலக்கு என்பது, பூர்வகுடியினரில் ஒரு பிரிவான முதற்குடியினரை 'இந்தியர்' என்று அழைக்கும் இந்தியர் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவர்களுக்கு, அதுவும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஈட்டிய வருமானத்துக்கும் அங்குள்ள உடைமைக்கும் மட்டுமே உரியது. ரொறன்ரோ நகரின் நடுவிலுள்ள அலுவலகக் கோபுரம் ஒன்றில் நம்மோடு வேலைசெய்யும் முதற்குடிப் பெண்ணின் சம்பளத்தில் பிடிக்கப்படும் வரி நம் சம்பளத்தில் பிடிக்கப்படும் வரிதான். பூர்வகுடியினரில் மற்ற இரு பிரிவினரான இனுயிட் மக்களும் மெட்டி மக்களும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வருவதில்லை. வேலை செய்யாதவர்கள் என்ற பழிக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் கியூபெக் பாலம். 1907 ஆகஸ்டில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த அந்தப் பாலம் சென் லோரன்ஸ் ஆற்றில் சரிந்து விழுந்தபோது இறந்த 75 தொழிலாளர்களில் 33 பேர் கானவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த, மோஹாக் என்ற முதற்குடியின் இரும்புப் பணியாளர்கள். அதற்குப் பிறகும் அந்த ஊரின் ஆண்கள் அத்தொழிலை விடவில்லை; நியூயோர்க்கின் வானளாவிய கட்டடங்களின் எலும்புக்கூட்டை ஏற்றியவர்களில் அவர்களும் உண்டு.

ஒப்பந்தம் என்று மேலே சொன்னேன். ரொறன்ரோவின் பெரும்பகுதி எப்படிக் கைமாறியது என்பதைப் பாருங்கள். 1787இல் பிரித்தானிய அதிகாரிகள் மிசிசாகா மக்களிடமிருந்து இந்த நிலத்தை வாங்கியதாகச் சொன்னார்கள். பிறகு தேடிப் பார்த்தபோது கிடைத்த பத்திரத்தில் நிலத்தின் விவரணை எதுவும் எழுதப்படாமல், தலைவர்களின் குறிகள் மட்டும் இருந்தன. அதைச் சரிசெய்ய 1805இல் இன்னொரு பத்திரம் எழுதப்பட்டது. அதற்குக் கொடுத்த விலை 10 ஷில்லிங். அந்த மக்களின் வழித்தோன்றல்களான கிரெடிட் மிசிசாகா முதற்குடியினர் நீண்ட காலம் போராடி, 2010இல் 14.5 கோடி டொலர் இழப்பீட்டோடு அந்தக் கோரிக்கையைத் தீர்த்துக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், 1923இல் கையெழுத்தான வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள், ஒன்ராறியோவின் பெரும் பரப்பில் ஏழு முதற்குடிகளின் வேட்டை, மீன்பிடி உரிமைகளையே பறித்துவிட்டன. அதற்கு 2018இல் மத்திய, மாகாண அரசுகள் மன்னிப்புக் கேட்டு 110 கோடி டொலருக்கு மேல் கொடுத்தன. வீட்டு விலையை டொலர் கணக்கில் நாள்தோறும் பேசும் நமக்கு, காணி உறுதியின் அருமை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக் காணி பறித்த கதைகளை ஊரில் கேட்டே வளர்ந்தவர்கள் நாம்.

இந்த வரலாறு அலுவலகத்துக்குள் வரும்போது ஒரு நிமிட வாசிப்பாகச் சுருங்கிவிடுகிறது. காலாண்டுக் கூட்டம் காணொளியில் தொடங்கும். மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த யாராவது ஒரு பிள்ளை, அநேகமாக நம் பிள்ளை அல்லது ஒரு பஞ்சாபிப் பிள்ளை, இது எந்தெந்தப் பூர்வகுடி மக்களின் நிலம் என்று சொல்லும் நில ஒப்புகையைத் திரையில் பார்த்து வாசிப்பாள்: கிரெடிட் மிசிசாகா, அனிஷினாபே, சிப்பெவா, ஹோடனோஷோனி, வெண்டாட். ஹோடனோஷோனியில் நாக்கு தடுக்கும். அவள் சிரித்து மன்னிப்புக் கேட்பாள்; பெட்டிகளுக்குள் இருக்கும் முகங்களும் சிரிக்கும். அடுத்த பக்கம் விற்பனை வரைபடம். வாசித்த பிள்ளையில் குற்றமில்லை. எழுதிக் கொடுத்ததை வாசித்தாள். வாசிக்கும் வேலை எப்போதும் பதவியில் மிகக் குறைந்தவருக்கும் தோல் நிறம் கூடியவருக்குமே வந்து சேர்வது ஏன் என்பதுதான் என் கேள்வி. நிறுவனத் தலைவர் ஒருமுறையாவது அந்தப் பெயர்களைத் தன் வாயால் பழகிச் சொல்லிவிட்டு, இந்த ஆண்டு அந்தச் சமூகங்களோடு நாம் என்ன செய்தோம் என்று இரண்டு வரி சேர்த்துச் சொன்னால், அந்த ஒரு நிமிடத்துக்கு ஒரு பொருள் இருக்கும்.

ஆணைக்குழு என்றால் ஈழத்தமிழர்களுக்கு ஒரு சலிப்பு உண்டு. 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொன்ன தாய்மார், இன்றும் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு தெருவோரத்தில் இருக்கிறார்கள். ஆகவே, கனடாவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவையும் நம்மில் பலர் அதே கண்ணோடு பார்ப்பது புரிகிறது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். இதை அரசு தானாக இரங்கி அமைக்கவில்லை. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலைகளில் அடைத்துவைக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போய், அரசையும் திருச்சபைகளையும் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்து, அந்த உடன்பாட்டின் ஒரு பகுதியாகக் கேட்டு வாங்கியது அது. நீதிபதி முரே சின்க்ளேயர் தலைமையில், 6,000க்கும் மேற்பட்டோரின் சாட்சியங்களைக் கேட்டு, 2015இல் 94 செயற்கோரிக்கைகளை அது முன்வைத்தது. அந்தப் பாடசாலைகளுக்குள் சுமார் 1,50,000 பிள்ளைகள் சென்றார்கள். கடைசிப் பாடசாலை மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில். இன்று நம்மோடு வேலைக்கு வரும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அங்கே படித்தவராக இருக்க முடியும்.

94இல் 92ஆவது கோரிக்கை நேரடியாக வணிக நிறுவனங்களுக்கு எழுதப்பட்டது. ஐ.நா.வின் பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனத்தை நிறுவனங்கள் தம் கொள்கையாக ஏற்கவேண்டும். திட்டங்களைத் தொடங்குமுன் அந்த மக்களின் சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த சம்மதத்தைப் பெறவேண்டும். வேலையும் பயிற்சியும் அவர்களுக்குச் சமமாகக் கிடைக்கவேண்டும். முகாமையாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் இந்த வரலாற்றைக் கற்பிக்கவேண்டும். இவற்றுள் நிறுவனங்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டது கடைசியை மட்டும்தான். காரணம் எளிது. ஒரு மணிநேர இணையவழிப் பயிற்சிக்குச் செலவு குறைவு, முடிவில் சான்றிதழும் உண்டு. சம்மதம் பெறுவது என்றால் மறுப்பையும் கேட்கத் தயாராக இருக்கவேண்டும்.

வேலை விடயத்தில் நடப்பதை ஒரு நேர்முகத் தேர்வின் மூலம் சொல்கிறேன். ஜேம்ஸ் விரிகுடாக் கரையோரத்தில் வாழும் கிரீ என்ற முதற்குடிச் சமூகம் ஒன்றிலிருந்து ஒரு பெண் காணொளியில் வந்திருந்தார். தேர்வுக் குழுவில் நாங்கள் மூவர், மூவருமே குடியேறிகள். தலைமைத்துவம் பற்றிய கேள்விக்கு அவர், வசந்தத்தில் ஆற்றுப் பனி உடைந்து வெள்ளம் வரும்போது ஊரையே விமானங்களில் ஏற்றி வெளியேற்றவேண்டியிருந்ததைச் சொன்னார். சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டியவர்கள் முதல் விமானத்தில், மூப்பர்கள் தம் பேரப்பிள்ளைகளோடு அடுத்ததில், நாய்களுக்கு உணவு வைக்கப் பின்தங்குபவர்கள் யார் என்று எல்லாவற்றையும் ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதி நடத்தியிருந்தார். அதை அவர் முழுக்க முழுக்க "நாங்கள் செய்தோம், நாங்கள் பார்த்துக்கொண்டோம்" என்றே சொன்னார். புள்ளித்தாளில், விண்ணப்பதாரரின் தனிப்பட்ட பங்களிப்பு என்ற வரிக்கு நேரே என் சக தேர்வாளர்கள் ஐந்துக்கு இரண்டு போட்டார்கள். அவர் தான் என்ன செய்தார் என்பதைச் சொல்லவில்லையாம். ஒரு ஊரையே காப்பாற்றிய கொப்பி யாருடைய கையெழுத்தில் இருந்தது என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று நான் வாதாடினேன். சராசரி மாறவில்லை, வேலை வேறொருவருக்குப் போனது.

தன்னைத் தானே மெச்சிப் பேசுவது அவையில் அழகல்ல என்று வளர்க்கப்பட்டவர்கள் நாமும்தான். ஆனால் நாம் இந்த நாட்டுக்கு வந்த பிறகு, வேலை தேடுவோருக்கான வகுப்புகளில் இருந்து, கண்ணாடி முன் நின்று, "நான் முன்னெடுத்தேன், நான் சாதித்தேன்" என்று பேசப் பழகிக்கொண்டோம். பழகிய பிறகு, பழகாதவரைக் குறைத்து மதிப்பிடவும் பழகிவிட்டோம். அந்தத் தேர்வுக்குப் பின் நான் எழுதிய நீண்ட குறிப்பொன்றுக்கு ஒரு பலன் கிடைத்தது: புள்ளித்தாளில் அந்த வரி மாற்றப்பட்டது, பூர்வகுடி விண்ணப்பதாரர் வரும்போது தேர்வுக் குழுவில் வெளியிலிருந்தாவது ஒரு பூர்வகுடி உறுப்பினர் இருக்கவேண்டும் என்ற விதி வந்தது. அவருக்கு நேரத்துக்குக் கூலி கொடுக்கவேண்டும் என்பதற்குத்தான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஆலோசனையை இலவசமாகக் கேட்பதே மரியாதை என்று நினைக்கும் ஒரு முகாமையாளர் எல்லா நிறுவனத்திலும் இருப்பார் போலும்.

பட்டப்படிப்புக் கட்டாயம் என்பது இன்னொரு சுவர். பிள்ளை பல்கலைக்கழகம் போகவேண்டும் என்று உயிரை விடும் நம் சமூகத்துக்கு இந்தச் சுவர் கண்ணுக்கே தெரியாது. 1876இல் வந்த இந்தியர் சட்டத்தில் ஒரு விதி இருந்தது: ஒரு முதற்குடி ஆண் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலோ, வழக்கறிஞரானாலோ, பாதிரியாரானாலோ, சட்டத்தின்படி அவர் இந்தியராக இருப்பது அத்தோடு முடிந்துவிடும். அந்த விதியை விரைவிலேயே தளர்த்தினார்கள் என்றாலும், படிப்பு என்றால் சொந்த மக்களிடமிருந்து பிரிக்கப்படுவது என்று சட்டமே சொல்லிக்கொடுத்த பாடத்தை, பின்னர் வதிவிடப் பாடசாலைகள் பிள்ளைகளின் உடம்பிலும் எழுதின. படிவத்தில் கட்டம் வெறுமையாக இருப்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. அரசு வைத்திருந்த பட்டியல்களில் பெயர் இருப்பதும் நீக்கப்படுவதும் ஒரு குடும்பத்தின் தலைவிதியை மாற்றிய நாட்டில், முதல் வாரத்திலேயே முன்பின் தெரியாத நிறுவனத்திடம் இன்னொரு பட்டியலுக்குப் பெயர் கொடுக்க ஒருவர் ஏன் துணியவேண்டும்? ஊர்ப் பெயரைக் கேட்கும் இராணுவச் சோதனைச்சாவடியில் நின்றவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

விடுமுறை விதிகளில்தான் நானே எதிர்பாராத ஓர் ஒற்றுமையைக் கண்டேன். மத்திய தொழிற்சட்டம் துக்க விடுப்புக்கு வகுத்திருக்கும் நெருங்கிய குடும்பம் என்பதற்குள் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், பாட்டன் பாட்டி, துணைவரின் பெற்றோர் எல்லாம் வருவார்கள். ஒரே வீட்டில் வாழ்ந்தாலன்றிப் பெரியப்பாவும் சித்தியும் தாய்மாமனும் வரமாட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் இந்த விதியை மாற்றக் கோரி முதலில் கையெழுத்திட்டவர்கள் அனிஷினாபே சக ஊழியர் ஒருவரும், பெரியம்மாவிடம் வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரும்தான். நிறுவனம் இறங்கிவந்து, யார் நெருங்கியவர் என்பதை ஊழியரே தீர்மானிக்கலாம் என்று எழுதியது. இப்படி நம் தேவையும் அவர்களின் தேவையும் உண்மையாகவே சந்திக்கும் இடங்கள் உண்டு. அங்கே சேர்ந்து நிற்கலாம். சந்திக்காத இடங்களில், அதாவது நிலமும் ஒப்பந்தமும் பேசப்படும் இடங்களில், நம் குறைகளை ஒதுக்கிவைத்துவிட்டு அவர்கள் பேசுவதற்கு இடம்விடவேண்டும். குடியுரிமை பெறும்போது நாம் எடுக்கும் உறுதிமொழியில், முதற்குடி, இனுயிட், மெட்டி மக்களின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் அங்கீகரிக்கும் அரசியலமைப்பு என்ற சொற்கள் 2021இலிருந்து இருக்கின்றன. அதுவும் ஆணைக்குழு கேட்ட 94இல் கடைசிக் கோரிக்கை. வலது கையை உயர்த்திச் சொன்ன பிறகு, இது வெள்ளையருக்கும் அவர்களுக்கும் இடையிலான பழைய கணக்கு என்று நாம் ஒதுங்க வழியில்லை.

ஆட்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லும் நிறுவனங்களுக்கு ஒரு விலாசம் சொல்வேன். ஜெரார்ட் வீதி என்றால் நமக்குப் புடவைக் கடைகளும் பானிபூரியும்தான் நினைவுக்கு வரும். அதே வீதியின் மேற்கு முனையில், நகரின் நடுப்பகுதிக்குக் கிட்ட, மிஸிவே பீக் என்ற பூர்வகுடி வேலைவாய்ப்பு, பயிற்சி நிலையம் இருக்கிறது. அதன் வழியாக எங்கள் பிரிவுக்கு வந்த ஒருவர் வேலையில் மிகத் திறமையானவர். இருந்தும் அதிக காலம் நிலைக்கவில்லை. விலகும்போது அவர் சொன்ன காரணங்களில் சம்பளம் இல்லை. செப்டெம்பர் வந்தால் செம்மஞ்சள் சட்டை நிகழ்வை ஒழுங்குசெய்ய அவர். நில ஒப்புகையின் உச்சரிப்பைத் திருத்த அவர். எந்தக் கொள்கை வரைவிலும் ஒரு பூர்வகுடிக் கருத்துக்கு அவர். பிலிஸ் வெப்ஸ்டாட் என்ற பூர்வகுடிப் பெண் 1973இல், ஆறு வயதில், பாட்டி வாங்கிக்கொடுத்த செம்மஞ்சள் சட்டையை வதிவிடப் பாடசாலையின் முதல் நாளே பறிகொடுத்த கதையைத் தன் சக ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருக்க அவருக்கு விருப்பமில்லை. அவருடைய அம்மாவுக்கும் அதுபோல ஒரு கதை இருந்தது. அவர் செய்ய வந்தது தரவுப் பகுப்பாய்வு.

அவர் விலகலுக்குப் பின் எங்கள் குழுவை இரண்டாகப் பிரித்தோம். பன்முகத்தன்மைக் குழு தன் தீபாவளியோடும் பதவி உயர்வுக் கணக்குகளோடும் தனியாக இயங்குகிறது. பூர்வகுடி உறவுகளுக்கான குழுவுக்குத் தலைமை தாங்குபவர் வெளியிலிருந்து, கூலி கொடுத்து அழைக்கப்பட்ட ஓர் அனிஷினாபே மூப்பர். நம்மவர்கள் அங்கே குறிப்பெடுப்பவர்கள், வாக்கு இல்லை. இதற்கு முணுமுணுப்பு இல்லாமலில்லை, அதிலும் அதிக முணுமுணுப்பு நம்மவர்களிடமிருந்துதான் வந்தது. அந்தக் குழுவின் முதல் கோரிக்கை சிறியது. வேட்டை, மீன்பிடி, அறுவடை போன்ற மரபுவழிச் செயல்களுக்காகப் பூர்வகுடி ஊழியர்கள் ஆண்டுக்கு ஐந்து நாள் விடுப்பு எடுக்கலாம் என்று 2019இலிருந்து மத்திய தொழிற்சட்டம் சொல்கிறது; ஆனால் அது சம்பளமில்லாத விடுப்பு. அந்த ஐந்து நாளுக்கும் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் நிறுவனத்தில் இதற்குத் தகுதியானவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், செலவு அலுவலகக் கோப்பிக் கணக்கைக்கூட எட்டாது. இருந்தும் நிதிப் பிரிவு, இது மற்றக் குழுக்களுக்கு முன்னுதாரணமாகிவிடாதா என்று எழுதிக் கேட்டிருக்கிறது. மற்றக் குழுக்கள் எதுவும் இந்த நிலத்தின் மீது ஒப்பந்தம் செய்தவை அல்ல என்று பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.